டிஸ்க்கே இல்லேங்குற பொட்டி

அஞ்சாவது வரைக்குந்தான் படிச்சவ நான். கோர்வையா எழுத வராது, மறந்தும் போகும், பொறுத்துக்குங்க.

ஆயுத பூசை முடிஞ்ச மறுநாள், வீரபாண்டியிலிருந்து டவுனுக்குப் போற பஸ். முன் சீட்டில் ஒரு பொண்ணு கம்ப்யூட்டர் பொட்டியை மடியில் வச்சிருந்தது. பக்கத்தில் நின்னவர் அந்தப் பொண்ணு வேலை பார்க்குற பனியன் கம்பெனியிலேயே மெஷின் ஓட்டுறவர்னு பேச்சில் தெரிஞ்சது.

"பூசைக்கப்புறம் ஓடலீன்னு விண்டோஸ் திரும்பப் போட்டா, டிஸ்க்கே இல்லேங்குதுங்கண்ணா. டிஸ்க்கு உள்ளதான் இருக்குது!"

"சந்தனம், பூ எல்லாம் வெச்சமே அம்மணி. இன்னும் என்ன கோவமாமா?"

"சிரிக்காதீங்க. நாளைக்குள்ள ஓடலீன்னா மொதலாளி என்னைய மறுபடியும் தச்ச துணியைப் பாக்குற பீஸ் செக்கிங்குக்கே அனுப்பிருவாரு. நான் போகமாட்டேன். பூசைக்குத் தொடச்சது யாருங்க?"

"நாந்தான். மெஷினுக்குப் பஞ்சு ஊதற ஏர் பைப்புல இதையும் தொறந்து ஊதிவிட்டேன். பளபளன்னு ஆயிருச்சு."

"ஏதாச்சும் பறந்துச்சுங்களா?"

"கறுப்பா, அரிசியாட்டம் ஒண்ணு. தூசின்னு உட்டுட்டேன்."

பொண்ணு எந்திரிச்சிருச்சு.

"அது ஜம்பருங்கண்ணா! டிஸ்க்குப் பின்னால ஊசியில மாட்டுற குட்டி மூடி, அதுதான் டிஸ்க்கை மொத ஆளுன்னு காட்டும். அது இல்லீன்னா டிஸ்க்கும் சிடி டிரைவும் ரெண்டுமே ரெண்டாவது ஆளா நின்னுக்கும், கம்ப்யூட்டருக்கு டிஸ்க்கு தெரியாமப் போயிரும்னு கம்ப்யூட்டர் கிளாஸுல சொன்னாங்க. கூட்டுன பஞ்சு எங்கீங்க?"

"கம்பெனியில மூட்டை கட்டி வெச்சிருக்குது. மத்தியானம் வேஸ்ட்காரர் தூக்கிருவாரு."

"கண்டக்டரண்ணா, விசிலடிங்க! எறங்கோணும்."

"ரிப்பேர் கடையில காட்டலாம்னு டவுனுக்கு டிக்கெட் எடுத்தமே அம்மணி."

"அப்ப நீங்க டவுனைச் சுத்திப் பாத்துட்டு வாங்க. நான் மூட்டையப் பிரிக்கப் போறேன்."

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பொண்ணு முன்னால ஓட்டமும் நடையுமாத் திரும்பிப் போகுது. அவர் பொட்டியைச் சுமந்துக்கிட்டுப் பின்னால போறார்.

கிடைச்சுதான்னு தெரியலை. அரிசியாட்டம் ஒரு துண்டு இல்லாமப் போனா டிஸ்க்கே தெரியாதுங்கறது நெசந்தானா? நான் தப்பாக் கேட்டிருந்தா, வெவரம் தெரிஞ்சவங்க பார்த்துத் திருத்திருங்க.