பதினேழாம் நம்பர் குப்பி

— ஷட்டர இழுத்துப் போடுங்க மச்சான். மிச்சத்தக் கார்ல பேசலாம்.

— ஏட்டி இர்ஷாதா, காலம்பற பத்தரை மணிக்குச் செருப்புக்கடைய அடைச்சா ஷஹீருக்குக் கிறுக்கு பிடிச்சிட்டுண்ணு கோட்டாறு பூரா சொல்லும். நீ திருவனந்தபுரத்துல லேப்புல இல்லியா நிக்கணும்?

— அங்க இருந்துதான் வாறேன். ரெண்டு மணிக்கு யூராலஜி டாக்டர் பாக்காரு. ஒங்களுக்கு டோக்கன் போட்டாச்சு.

— எனக்கா? எனக்கு என்ன தீனம்? நல்லா திம்முண்ணு நிக்கேன், பாரு.

— கேளுங்க. போன மாசம் ஒரு குப்பி தந்தேன்லா, காலம்பற மூத்திரம் பிடிச்சுத் தாங்கண்ணு?

— ஆமா, அந்த மானங்கெட்ட குப்பி. தந்தேன்லா?

— தந்தீங்க. மூத்திரப்பையில கேன்சர் வந்தவங்க முப்பது பேரு, ஒண்ணும் இல்லாதவங்க முப்பது பேரு. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கதுதான் எனக்க வேலை. ஒண்ணும் இல்லாதவங்க கூட்டத்துல ஒங்களுக்குப் பதினேழு. நானே ஒட்டுன நம்பரு.

— செரி.

— அதுல கெட்ட செல்லு கெடக்கு மச்சான்.

— ஏட்டி, போ. மெஷினு தெத்தா காட்டியிருக்கும்.

— மூணு தடவ செய்தாச்சு. மொத தடவ சிலைடு மாறிட்டுண்ணு நெனச்சேன். மூணாந்தடவ எங்க கைடு சாரே பாத்தாரு. அவருக்கு ஆளு யாருண்ணு தெரியாது. "பதினேழு யாரோ, பாவம். எதிக்ஸ் கமிட்டிக்கு எழுதிக் கேட்டுட்டு ஆளுக்குத் தெரிவிப்போம்"ண்ணு சொல்லிட்டுச் சாயா குடிக்கப் போயிட்டாரு. கமிட்டிக்க பதிலு வர ஒரு மாசம் ஆவும். நம்பர வச்சு நானே ஆளத் தேடி வந்தேன்ணு தெரிஞ்சா எனக்குச் சீட்டு கிழிஞ்சிரும். ஆனாலும் வந்துட்டேன்.

— ஒரு சாயா சொல்லட்டா? எதுக்கு இவ்வளவு வெப்ராளம்? பதறாம இரி.

— சாயா ஒண்ணும் வேண்டாம்! இப்பமே பிடிச்சா உள்ள குழாய விட்டுச் சொரண்டி எடுத்துரலாம். விட்டா மூத்திரப்பையையே எடுக்கணும். நாலு வருசமா எலியோடயும் குப்பியோடயும் கெடந்து நான் படிச்சது இதத்தான். நம்ம மவ ஆயிசாக்கு ஏழு வயசுதான். எனக்குப் பேடியா இருக்கு மச்சான். சாவி எங்க?

— கொஞ்சம் இரி.

— இருக்க முடியாது.

— நான் வரல்ல. எனக்கு ஒண்ணும் இல்ல.

— ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— தெரியும்.

— பேடிச்சா சொல்லுங்க, நான் கையைப் பிடிச்சிட்டு நிக்கேன்.

— பேடி அதுக்கில்லட்டி. நான் சிகரெட்டு விடல்ல.

— என்னது?

— ஆயிசா பொறந்த அண்ணைக்கே விட்டாச்சுண்ணு சொன்னது பொய்யாக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு. குடோனுக்குப் பின்னால நிண்ணு.

— யா அல்லா! ஏழு வருசமா? அப்ப கண்டிப்பா அதுதான் காரணம். ஏறுங்க. போற வழியெல்லாம் ஒங்கள வையுதேன்.

— முழுசும் கேளு. புகைச்சா மூத்திரத்துல தெரியும், புகைக்காத ஆளுதான் வேணும்ணு நீதான சொன்ன? மாட்டிக்கிடுவேன்ணு பயந்துட்டேன். அந்தக் குப்பியில உள்ளது எனக்கதில்ல.

— ஒங்களுக்கதில்லியா? சத்தியமா?

— சத்தியமா.

— அல்ஹம்துலில்லாஹ்! பாவி மனுசா, நேத்தையில இருந்து நான் ஒரு வாய் சோறு தின்னல்ல, ஒங்கள மையத்தாக்கிக் கபருல வச்சே பாத்துட்டேன். செரி, வீட்டுக்கு வாங்க, இதுக்கு இருக்கு ஒங்களுக்கு. இப்ப அது யாருக்கதுண்ணு சொல்லுங்க. அந்த மனுசனையாவது கூட்டிட்டுப் போவணும். கடையில நிக்க நேசையனுக்கதா?

— அவன் பீடிய வாயில வச்சிட்டே பொறந்தவன்லா. ஆயுசுல புகை தொடாத ஆளு வேண்டாமா?

— விளையாடாதீங்க. பேரச் சொல்லுங்க.

— ஒனக்க வாப்பா. நான் கேட்டதும் சிரிச்சிட்டே குப்பிய வாங்கிட்டுப் போனாரு. திருப்பித் தாற சமயத்துல, "மருமவனே, ரெண்டு மாசமா இடைக்கிடைக்கு மூத்திரம் செவப்பா போவுது, மவளுக்க படிப்புக்கு அதுனால கொழப்பம் ஒண்ணும் வராதே"ண்ணு கேட்டாரு. ஒண்ணும் வராது மாமா, யாரிட்டயும் சொல்லிராதீங்கண்ணு நான்தான் சொன்னேன்.