பழுத்துவிட்டது என்றாள் என் தங்கை

கடற்காற்றும் கேட்கவந்து கால்கடுக்க நிற்கும் இந்த உப்பூர்ப் பந்தலில் தலைமையேற்றிருக்கும் சோணையம்மாள் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, மடியில் மழலையும் மனத்தில் மாளாத பொறுமையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் செவிலி மர்வாவின் ஸலாமும் வணக்கமும்.

பேறுகால நலம் பற்றிப் பேச அழைத்தார்கள். நான் ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

எட்டாண்டுகள் அரபு நாட்டில் அறுவை அரங்கில் வேலை பார்த்தேன். பார்த்தேனா, கனவு கண்டேனா? முழங்கை பட்டால் தண்ணீர் வரும். முன்னே நின்றால் கதவு திறக்கும். வெள்ளைச் சுவர், வெள்ளை விளக்கு, வெள்ளை அமைதி. வயிற்றை மூடுமுன் கையுறையை மாற்றுவோம், கருவிகளை மாற்றுவோம். அறுத்த வயிறு அழகாக ஆறிவிடும். சீழ் என்ற ஒன்றையே நான் மறந்துபோனேன் தாய்மார்களே. மறந்ததுதான் என் குற்றம்.

அந்நாளில் என் தங்கை ஜுமானாவுக்கு இந்தக் கரையில் சிசேரியன். அதே கத்தி, அதே நூல், அதே படிப்புப் படித்த மருத்துவர். ஆனால், குழாய் வறண்டால்? வாளித் தண்ணீர். மின்சாரம் போனால்? கருவிகளை அவிக்கும் பெட்டி பாதியில் அணையும். முதல் கீறலிலிருந்து கடைசித் தையல்வரை ஒரே கையுறை. யாரை நோவது? இருந்ததைக் கொண்டு உயிரைக் கொடுத்து உழைத்தவர்கள் அவர்கள். ஏழை நாட்டில் அறுபடும் உடலுக்கே தொற்று அதிகம் வருகிறது என்கிறார்கள் ஆய்ந்தவர்கள். அந்த உடல்களில் ஒன்று என் தங்கையுடையது.

ஆறாம் நாள் அலைபேசியில் அழைத்தாள். குரலில் அவ்வளவு நிம்மதி. "ராத்தா, காயம் பழுத்துருச்சு. உடைஞ்சா ஆறிரும்னு மாமி சொல்றாக."

பழுத்துவிட்டதாம்! மாங்காய் பழுக்கலாம், கொய்யா பழுக்கலாம், கட்டிகூடப் பழுத்து உடையலாம். தைத்த வயிறு பழுக்கலாமா? சிரிக்கிறீர்கள். அங்கே தலையாட்டும் அம்மா, உங்கள் வீட்டிலும் இதைச் சொன்னதுண்டுதானே? உண்டு என்கிறார். எல்லார் வீட்டிலும் உண்டு.

படித்த செவிலி நான் என்ன செய்தேன்? அந்த வெள்ளைக் கனவுக்குள் நின்றபடி, ஆறும் என்ற சொல்லை மட்டும் காதில் வாங்கினேன். நன்றாக ஓய்வெடு என்று சொல்லி அலைபேசியை வைத்துவிட்டேன்.

மூன்றே நாளில் தையல் பிரிந்தது. காய்ச்சலில் பெற்ற பிள்ளையின் முகம்கூட அவளுக்குத் தெரியவில்லை. இராமநாதபுரம் கொண்டுபோய் மறுபடியும் வயிற்றைத் திறந்தார்கள். நாற்பது நாள் கிடந்து அவள் பிழைத்தாள். கருப்பை பிழைக்கவில்லை.

கேட்போம் தாய்மார்களே, உரக்கக் கேட்போம்! வற்றாத தண்ணீர் கேட்போம், அணையாத மின்சாரம் கேட்போம், மாற்றிக்கொள்ள இன்னொரு சோடிக் கையுறை கேட்போம்! அது வரும்வரை, தைத்த இடம் சிவந்தாலோ சுட்டாலோ கசிந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பழுக்கட்டும் என்று யாரும் காத்திருக்காதீர்கள்.

நாலாம் வரிசையில் ஜுமானா இருக்கிறாள். இத்தனை நாள் வீட்டில் சொல்ல வாய் வராததை இங்கே சொல்கிறேன். ஜுமானா, அன்னைக்கு நீ சொன்னதை நான் சரியாக் கேக்கலைம்மா. என்னை மன்னிச்சிரு.

என்ன சொல்கிறாள், கேட்டதா உங்களுக்கு? "நானும் அதை நல்ல சேதின்னுதானே ராத்தா சொன்னேன்" என்கிறாள்.

இனி இந்தக் கரையில் எந்தப் பெண்ணும் அதை நல்ல சேதியாகச் சொல்லாதிருக்கட்டும். செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. வீடு சேரும்வரை அமைதி உங்களோடு நடக்கட்டும். வணக்கம்.