யாரும் பிடிக்காத ஆட்டக்காரன்

— சன்மானம்னா சும்மாவா தம்பி? பொன்னாட, மால, மேளம் எல்லாம் உண்டு. பஞ்சாயத்து பிரசிடெண்டே வராரு. சடுகுடு ஆடின பழைய ஆளுங்க எல்லாரும் மேடையில. அயர்லாந்துலேர்ந்து நம்ம தமிழரசு வந்துக்கினு கீறான்னு மைக்குல சொல்லிட்டேன்.

— தம்பியா! போன்ல மரியாத எல்லாம் வருது, பரவால்லியே திருவேங்கடம் கேப்டன். அப்பல்லாம் ‘டேய்’ தான?

— அது ஆட்டத்துல. இப்ப நீ ஃபாரின் ஆளாச்சே.

— ஆமாமா. என் பொண்டாட்டி யமுனா நர்சு வேலைக்கு வந்தா, நான் அவ பொட்டிய தூக்கிக்கினு வந்தேன். பெரிய ஃபாரின் ஆளு.

— அங்க சடுகுடு ஆடறானுங்களா?

— ஹர்லிங்னு ஒண்ணு. துடுப்பு மாதிரி கட்ட, கல்லு மாதிரி பந்து. ஊருக்கு ஒரு டீமு. தாத்தன் காலத்துல தோத்த ஆட்டத்துக்கு இன்னும் குடிச்சிட்டு சண்ட போடறானுங்க. அதுல மட்டும் நம்ம ஊரேதான்.

— நீயும் ஆடினியா?

— ஆளு கொறையுதுன்னு இஸ்துக்கினு போனானுங்க. எறங்கின ஒடனே ஒரு மாட்டுப் பண்ணக்காரன் தோளால இடிச்சி சாச்சிட்டான். இடிக்கலாமாம், அது ரூலு. காரை எலும்பு ஒடஞ்சிபோச்சி.

— அடப்பாவி! ஊரு மானத்தையே வாங்கிட்டியேடா! இங்க அத்தினி வருஷத்துல ஒருத்தன் உன்ன புடிச்சிருப்பானா? நீ பாடிக்கினு போனா எதிராளிங்க கோட்டுக்கு வெளியவே ஓடிப்புடுவானுங்க. இன்னா வேகம்!

— வேகமா?

— பின்ன? அதாலதான எப்பவும் உன்னியே அனுப்புவேன்.

— நான் நொண்டிக்கினு போயிருந்தாலும் ஓடியிருப்பானுங்க கேப்டன். காலனிக்காரன் மேல பட்டுட்டா வூட்டுக்குப் போயி தல முழுவணுமே. தெரிஞ்சிதான அனுப்பினீங்க? ஜெயிச்சப்புறம் எல்லாரையும் தோள்ல தூக்கினீங்க, என்னிய தவிர.

— அதெல்லாம் இப்ப யாருப்பா பாக்கறா?

— சாச்ச அந்தப் பண்ணக்காரனே கை குடுத்து தூக்கி, கட்டிப் புடிச்சிக்கினு வண்டி வரைக்கும் வந்தான். ஓன்னு அழுதுட்டேன். வலியில அழுவறேன்னு நெனச்சிக்கினான், பாவம்.

— வாடா தமிழரசு. நானே என் கையால பொன்னாட போத்தறேன்.

— கை படாமலும் போத்தலாமே, அது எனக்குத் தெரியாதா? பொன்னாட வேணாம் கேப்டன். மைதானத்துல கோடு கிழிச்சி வைங்க. நான் பாடிக்கினு வரேன், நீங்க புடிங்க.