பூட்டிய கதவுகளுக்கு நான் எழுதிய பதில்

அவைக்குத் தலைமை தாங்கும் சின்னம்மா அவர்களே, தங்கச் சுரங்கத்தில் பாதாளம் வரை இறங்கிப் பாடுபட்டு மீண்ட பெரியோர்களே, ஞாயிற்றுக்கிழமை என்பதால் மட்டுமே பகல் வெளிச்சத்தில் எனக்குக் காணக் கிடைத்த தாய்மார்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

போன மாதம் என்னிடம் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். அவர் பவ்யா. அதோ, மூன்றாவது வரிசையில் மகளை மடியில் வைத்திருக்கிறாரே, அவர்தான்.

"எங்க வூட்டுக்கு நீங்க வந்தப்போ மணி இன்னா சார்?"

"பதினொண்ணும்மா" என்றேன்.

"அப்போ நான் பெங்களூருல தையல் மிஷின் முன்னாடி இருப்பேன். பூட்டையா கேட்டு எழுதினீங்க?"

நடந்தது இதுதான். நம் மைசூர் மைன்ஸ் குடியிருப்பில் பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் நடத்தும் தொண்டு நிறுவனம், அது இங்கே தேவைதானா என்று ஆராய்ந்தது. ஊரறிந்த வாத்தியார் என்று என்னை நம்பி, வீடு வீடாகக் கேட்டு நிரப்பும் தாள்களைத் தந்தார்கள். அதில் இரண்டே கட்டங்கள்: தேவை, தேவையில்லை. முப்பத்தெட்டு வீடுகள் பூட்டிக் கிடந்தன. முப்பத்தெட்டுக்கும் 'தேவையில்லை' என்று குறித்தேன்.

என்ன நோயல், சிரிக்கிறாய்? ஆமாம், விடைத்தாளில் வெற்றிடம் விட்டதற்கு உன் காதைத் திருகிய அதே கைதான். நீயாவது தெரியாததை எழுதாமல் விட்டாய். நான் எழுதிவிட்டேன்.

அறிக்கை வந்தது: தேவை குறைவு, மூடிவிடலாம்.

பகலில் கதவைத் திறந்து பதில் சொன்னவர்கள் யார்? பிள்ளையைப் பார்க்க வீட்டில் ஆள் உள்ளவர்கள். பூட்டிக் கிடந்த வீடுகள் யாருடையவை? ஆளே இல்லாதவர்களுடையவை. யாருக்குக் காப்பகம் உயிரோ, அவர்களுக்கா தேவையில்லை என்று எழுதினேன்? எழுதினேன். என் கையால் எழுதினேன்.

பவ்யாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அது வாணாம் சார். தாளை எங்க கையில குடுங்க. இன்னா கேக்கணும்னு எங்களுக்குத் தெரியும்."

தாய்மார்கள் கூடிப் பேசி, கட்டங்களை அடித்துவிட்டு ஒரே கேள்வி எழுதினார்கள்: காப்பகம் மூடிய மறுநாள் உங்கள் பிள்ளை எங்கே இருக்கும்? பவ்யாவே முதல் பதிலை எழுதினார்: 'உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கிட்டுப் போவேன்.'

அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அந்தக் குழந்தைக்கு மூன்று வயது. கேஸ் அடுப்பும் அதே அறையில்தான் இருக்கிறது.

புதன்கிழமை வரைக்கும் காத்திருக்கிறோம் என்று நிறுவனத்தார் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை வந்தவை ஒன்பது தாள்கள். முப்பத்தெட்டில் ஒன்பது. பயமாக இருக்கிறது, அதனால்தான் இந்த வயதில் மேடையேறினேன். பொறுமையாகக் கேட்டீர்கள், நன்றி. வெளியே போகும்போது வாசலில் இருக்கும் தாள்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாளை விடியற்காலை பெங்களூர் ரயிலில் பக்கத்தில் உட்காரும் தாயிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி, அவருக்கே ஒருமுறை படித்துக் காட்டுங்கள். வணக்கம்.