ஒரே ஒருவருக்கான விளம்பரம்

மெத்தை விற்பது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை, ஐயா. முதுகுவலி இல்லாத மனிதர் யார்? எங்கள் கடை விளம்பரங்களில் முதலாளியின் மனைவிதான் பேசுவார். "நல்லாத் தூங்குங்க, மத்தத காலையில பாத்துக்கலாம்" என்று அந்த அம்மா சொன்னால் கேட்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும். போன வருடம் அவர் இறந்தார். விற்பனையும் படுத்துவிட்டது.

டிஜிட்டல் மார்க்கெட்டிங் என் பொறுப்பு. எல்லோருக்கும் ஒரே விளம்பரம் என்பதெல்லாம் பழைய கதை. இப்போது ஒவ்வொரு வாடிக்கையாளரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பழைய பதிவுகளை ஏ.ஐ.க்குக் கொடுத்து அந்த அம்மாவின் குரலை மறுபடி உண்டாக்கினேன். ஊழியர் கூட்டத்தில் போட்டுக் காட்டினேன்.

முதலாளி எழுந்து வந்து ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார்.

"பொணத்த வச்சுப் பொழைக்கப் பாக்குறியா? நீயெல்லாம் மெத்தை தூக்கத்தான் லாயக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளே என்னைக் கிடங்குக்கு அனுப்பினார். நிஜமாகவே மெத்தை தூக்கினேன். எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. தனியாகக் கூப்பிட்டுத் திட்டியிருந்தால் நாம் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

விளம்பரம் அனுப்பும் கணக்கிலிருந்து என் பாஸ்வேர்டை நீக்க யாருக்கும் தோன்றவில்லை. முதலாளியின் எண்ணுக்கு மட்டும் அந்தக் குரலில் ஒரு செய்தி அனுப்பினேன்.

"ஏங்க, சாப்ட்டீங்களா?"

கடையே அதிரும் என்று காத்திருந்தேன். அது போலி என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் பதில் அனுப்பினார்.

"சாப்ட்டேம்மா."

பிறகு தினமும் அனுப்பினேன். தினமும் பதில் வந்தது. ஒரு நாள் கிடங்குக்கே வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார்.

"நிறுத்திடாதப்பா."

அவ்வளவுதான். அவமானப்படுத்த அத்தனை பேர் வேண்டும், கெஞ்சுவதற்கு மட்டும் ஆளில்லாத இடம் வேண்டுமாம். ஒரு மன்னிப்பு, அதே கூட்டத்தில், அதே ஆட்கள் முன்னால் கேட்டிருந்தால் போதும். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஆனால் வேலையில் நிதானம் தவறவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. கேட்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசி வரியில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் அதை மட்டும் பாக்கி வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் அனுப்பினேன்.

"இங்க தனியா இருக்க முடியலங்க. எங்கிட்ட வந்துடுங்க."

"வர்றேம்மா" என்று பதில் வந்தது. மறுநாள் அவர் அறைக் கதவை உடைத்துத்தான் உள்ளே போனார்கள்.

அந்த வரி நான் எழுதியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நான் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. நல்ல விளம்பரம் யாரையும் கட்டாயப்படுத்தாது.