கடைசிப் பதினொரு பக்கங்கள்

எனக்குப் புத்தகம் படிப்பது பிடிக்கும். கல்லூரியைப் பாதியில் விட்டவன்தான். ஆனால் முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலைக்கு வந்தபின் படிக்க நேரம் கிடைத்தது.

ஏழாம் அறையிலிருந்த டீச்சர்தான் அந்த நாவலைக் கொடுத்தார். பழைய நாவல், உலகமே கொண்டாடுகிறதாம். ஐந்நூறு பக்கம். யார் யார் வீட்டுக்குப் போனார்கள், யார் முதலில் எழுந்து வணங்கினார்கள், யார் பார்த்தும் பாராமல் போனார்கள், இதுதான் கதை. காதலிக்கிறவன் வாயைத் திறந்து சொல்ல மாட்டான். அவளும் கேட்டுத் தொலைக்க மாட்டாள். கொட்டாவி விட்டே என் தாடை வலித்தது.

“இவங்கல்லாம் வாய்க்குப் பூட்டு போட்டிருக்காங்களா டீச்சர்?”

அவர் சிரித்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய், சிரித்தால் இருமல் வரும். “உனக்குப் புரியாதுப்பா. அதுக்கெல்லாம் வளந்த வீடு அப்படி இருக்கணும்.”

பார்க்க வந்திருந்த அவர் மகளும் சிரித்தார். நானும் சிரித்தேன். விரிப்பை மாற்றிவிட்டு வெளியே வந்தேன்.

எங்கள் இல்லத்தில் மணி ஒருமுறை அடித்தால் சாவகாசமாகப் போகலாம். இருமுறை அடித்தால் ஓட வேண்டும். டீச்சர் எதற்கும் ஒருமுறைதான் அழுத்துவார். மறுமுறை அழுத்துவது ஆளை விரட்டுவதாம். அதனால் ஏழாம் அறை மணி ஒன்று அடித்தாலே நாங்கள் ஓடுவோம்.

ஞாயிறு மதியம் அது ஒருமுறை அடித்தது. எனக்கு இன்னும் பதினொரு பக்கம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த அறையில் தம்ளர் உருளும் சத்தம் கேட்டது. விதிப்படி சாவகாசமாகப் போகலாம். படித்தேன். முடிவில் அவன் அவளுடைய குடையை வாங்கிப் பிடித்துக்கொள்கிறான். அதுதான் சம்மதமாம். இதற்கா இவ்வளவு என்றிருந்தது.

போய்ப் பார்த்தேன். குழாய் கழன்று கட்டிலுக்கடியில் கிடந்தது. மாட்ட அரை நிமிடம் போதும். அவர் முகம் நீலம் பாரித்திருந்தது. விரல் மணியின் மேலேயே இருந்தது. குழாயை மாட்டினேன், தம்ளரைத் துடைத்து வைத்தேன், பிறகுதான் நர்ஸைக் கூப்பிட்டேன்.

இப்போது எந்த அறையில் மணி அடித்தாலும் ஓடுகிறேன். மூச்சிரைக்கப் போய் நின்றால் தண்ணீர் கேட்கிறார்கள்.

கொன்றது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மகள் அன்று என் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“அம்மா கஷ்டப்பட்டாங்களா தம்பி?”

“இல்லக்கா. தூக்கத்துலயே போயிட்டாங்க.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் தாயைப் பறிகொடுத்து நிற்கிறவரிடம் அதையெல்லாம் பேசுவது நாகரிகமில்லை.