மூடக்கூடாத லேப்டாப்

ஐடி கம்பெனிகள் நிறைந்த கராடியிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் போகும் பஸ். என் முன் சீட்டில் இரண்டு தமிழ்ப் பையன்கள். ஒருவன் மடியில் திறந்த லேப்டாப்.

"மூடித் தொலைடா, இடிக்குது."

"மூடினா எங்க வெப்சைட்ல சர்ச் நின்னுடும்."

"ஏன்?"

"சர்ச் ஓட ஏகப்பட்ட ஃபைல் திறக்கணும். எத்தனை திறக்கலாம்ங்கிற லிமிட்டை என் லாகினுக்கு மட்டும் ஏத்திட்டேன். சர்வர் தானா ஸ்டார்ட் ஆனா பழைய லிமிட்லயே விழுந்துடுது. அதான் இதுலேர்ந்து என் லாகின்ல கையால ஓட்டுறேன். மூடினா லாகின் அறுந்துடும்."

"சர்வரோட செட்டிங்லயே ஏத்த வேண்டியதுதானே?"

"அதுக்கு மேனேஜர் அனுமதி வேணும். நிரந்தரமா சரி பண்ணிட்டேன்னு அவர்கிட்ட சொல்லித்தான் என் நிச்சயதார்த்தத்துக்கு லீவே வாங்கினேன்."

"நிச்சயதார்த்தத்துல எங்க வைப்ப?"

"தாம்பூலத் தட்டு பக்கத்துல."

"சரி, சார்ஜர் எடுத்தியா?"

லேப்டாப்காரன் பையைத் துழாவினான். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, லேப்டாப்பைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு, அலுங்காமல் கராடி திரும்பும் எதிர்ப் பஸ்ஸுக்கு நடந்தான்.